இரண்டு ஹெட்ஃபோன், நான்கு வருஷம், காணாமல் போன பேஸ்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் உட்கார்ந்து நல்ல ஆழமான பேஸ், அதாவது பாட்டின் கீழ் ஸ்தாயி ஒலி, கேட்க வேண்டும் என்றால் டிடி 770. ஒரே ஒரு ஹெட்ஃபோன்தான் வாங்குவேன், அதையே வெளியிலும் எடுத்துப் போவேன் என்றால் எம்50எக்ஸ். இதைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு வருஷத்துக்கு மேல் ஆனது, தேவையே இல்லாத ஓர் ஆம்ப்பும், அதாவது ஹெட்ஃபோனுக்குக் கூடுதல் சக்தி தரும் பெருக்கியும், வீட்டுக்கு வந்தது. அந்தக் கதையைத்தான் அதிகம் எழுதப் போகிறேன், அவசரக்காரர்கள் இத்தோடு கிளம்பலாம்.

ஆடியோ-டெக்னிக்கா எம்50எக்ஸை 2020இல், சிங்கப்பூரின் சர்க்கிட் பிரேக்கர் எனும் கோவிட் ஊரடங்கு சமயத்தில் வாங்கினேன். நான்கு அறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் ஒரு பக்கம் என் அலுவலகக் கூட்டம், ஒரு பக்கம் மனைவியுடைய அலுவலகக் கூட்டம், நடுவில் மகளின் ஆன்லைன் வகுப்பு. காதை மூடிக்கொள்ள ஏதாவது வேண்டியிருந்தது. பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ, 80 ஓம் (மின்தடை அளவு) வகை, 2021 கடைசியில் வந்தது. இரண்டும் குளோஸ்ட்-பேக், அதாவது கப்பின் பின்பக்கம் மூடியிருக்கும், உள்ளே ஓடுவது வெளியே அதிகம் கேட்காது. பின்பக்கம் திறந்த வகையில் இசை இன்னும் பரந்து ஒலிக்கும் என்பார்கள். உண்மைதான், ஆனால் இரவு பதினொரு மணிக்குப் பக்கத்தில் ஒருவர் தூங்கிக்கொண்டிருக்கும்போது அது ஹெட்ஃபோன் இல்லை, சின்ன ஸ்பீக்கர்.

எம்50எக்ஸின் பேஸ் முன்னால் வந்து நிற்கும் பேஸ். கிக் டிரம், தவில், எண்பதுகளின் திரையிசையில் ஓயாமல் நடந்துகொண்டே இருக்கும் பேஸ் கிட்டார், எல்லாம் கொஞ்சம் சதை போட்டு வரும். 100 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு நூறு அதிர்வு) பக்கத்தில் தாராளமாகக் கொடுத்திருக்கிறார்கள் என்று காதுக்கே தெரிகிறது. முதல் வாரம் இது ரொம்பப் பிடிக்கும். ஆறாவது மாதத்தில், எல்லாப் பாட்டிலும் பேஸ் கிட்டார்காரர் ஒருவரே என்ற சந்தேகம் வரும். ஆண் குரலின் அடிப்பகுதி ஒரு படி பின்னால் நிற்கிற மாதிரி எனக்குப் படுகிறது, பெண் குரலில் அந்தக் குறை தெரியவில்லை.

டிடி 770 வேறு மாதிரி. இதன் பேஸ் அகலமில்லை, ஆழம். இதைக் கண்டுபிடிக்க நான் வைத்திருக்கும் சோதனை உறுமி. நம் ஊர் உறுமி மேளக் குழுக்களின் ஒலிப்பதிவு யாரிடமாவது இருந்தால் போட்டுப் பாருங்கள். வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது கீழேயிருந்து ஒரு முனகல் எழுந்து மேலே ஏறுமே, எம்50எக்ஸில் அது பாதியிலிருந்துதான் தொடங்குவது போல இருக்கும், டிடி 770இல் தொடங்கும் இடமே கேட்கும். மிருதங்கத்திலும் அப்படித்தான். ரவை பூசிய தொப்பிப் பக்கத்தில் விரல் விழும் அடியும், அது முடிந்து வால் போல நீளும் கும்காரமும் தனித்தனியாக வருகின்றன. நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் மிகக் கீழ்ச் சுரம் ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸ், ஐந்து தந்தி என்றால் 31. அந்த 31ஐ டிடி 770 சிரமப்படாமல் தருகிறது. என்ன, மேல் ஸ்தாயியில் கூர்மை அதிகம். ஜால்ராவும் ‘ஸ’, ‘ஷ’ எழுத்துகளும் என் காதில் குத்தும், ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் இறக்கி வைத்துவிடுவேன். எம்50எக்ஸிலும் மேலே பளபளப்பு உண்டு, இந்த அளவுக்கு இல்லை.

சரி, இப்போது கதைக்கு வருகிறேன்.

2023 நடுவில் டிடி 770இன் பேஸ் குறைந்துவிட்டது. ஒரே நாளில் இல்லை, ஆனால் ஏதோ சாரம் போய்விட்டது. உறுமி முனகவில்லை, இருமியது. முதலில் பாட்டுச் செயலியின் அமைப்புகளைக் குடைந்தேன். பிறகு கணினியின் ஹெட்ஃபோன் துளை மீது பழி போட்டேன். 80 ஓமுக்குச் சக்தி போதவில்லை என்று எங்கேயோ படித்ததை நம்பி, 1989இல் சவுண்ட் பிளாஸ்டர் என்ற கணினி ஒலி அட்டையைக் கொடுத்த ஊரில் இருந்துகொண்டு நமக்கென்று ஓர் ஆம்ப் இல்லாமலா என்று ஒரு நாள் வாங்கியும் விட்டேன். சத்தம் கூடியது. பேஸ் வரவில்லை. அதற்குள் எம்50எக்ஸிலும் கொஞ்சம் குறைந்திருப்பது போலத் தெரிய, சரி, வயதாகிவிட்டது, காது போகிறது என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

அக்கா மகன் தேசிய சேவையில், அதாவது கட்டாய ராணுவப் பணியில், இருக்கிறான். ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வந்தவன் டிடி 770ஐ எடுத்து மாட்டிக்கொண்டு தலையை ஆட்டினான்.

“நல்லாத்தானே அடிக்குது மாமா?”

“எனக்கு அடிக்கலடா.”

என்னை மாட்டச் சொன்னான். பக்கவாட்டில் குனிந்து பார்த்தான். “காதைச் சுத்தி இருக்கிற பேட் உங்க கண்ணாடி மேல உக்காந்திருக்கு மாமா, சந்து தெரியுது. கழட்டிட்டுக் கேளுங்க.”

கழற்றினேன். உறுமி திரும்பி வந்தது.

அந்த வருஷத் தொடக்கத்தில்தான் எனக்குக் கண்ணாடி போட்டார்கள், தடித்த பிளாஸ்டிக் ஃபிரேம். இரண்டையும் சேர்த்து யோசிக்கவே இல்லை. ஆம்ப்புக்குப் பணம் கொடுத்தபோதுகூட விலையைப் படிக்க அந்தக் கண்ணாடிதான் போட்டிருந்தேன்.

ஏன் இப்படி ஆகிறது என்பதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் குளோஸ்ட்-பேக் வாங்குகிறவர்கள் டிரைவர், அதாவது ஒலி எழுப்பும் தகடு, எத்தனை மில்லிமீட்டர் என்று பார்க்கிறோமே தவிர இதைப் பார்ப்பதில்லை. 50 ஹெர்ட்ஸ் ஒலி அலையின் நீளம் ஏறக்குறைய 7 மீட்டர், என் கூடத்தைவிட நீளம். அதை 45 மில்லிமீட்டர் தகடு ஒன்று காதுக்குக் கொடுக்க முடிவதே, காதைச் சுற்றி மூடிய ஒரு சின்ன அறை இருப்பதால்தான். தகடு அந்த அறையின் காற்றை அழுத்துகிறது, இழுக்கிறது, அவ்வளவுதான். சைக்கிள் பம்ப்பில் வாஷர் தேய்ந்துபோனால் என்ன ஆகும்? மெதுவாக அழுத்தினால் காற்றெல்லாம் பக்கவாட்டில் நழுவிவிடும், படபடவென்று அடித்தால் கொஞ்சமாவது ஏறும். இங்கும் அதேதான். மெதுவான அசைவு என்றால் பேஸ், அது சந்து வழியாகத் தப்பித்துவிடும். வேகமான அசைவுகளான குரலும் ஜால்ராவும் அதைக் கண்டுகொள்ளாமல் காதுக்கு வந்துவிடும். அதனால்தான் ஹெட்ஃபோன் ‘கெட்டுப்போனதாக’ நமக்குத் தோன்றுவதில்லை, சப்பென்று இருப்பதாக மட்டும் தோன்றும்.

சோதிக்கச் செலவில்லை. பாட்டு ஓடும்போது இரண்டு கப்பையும் உள்ளங்கையால் லேசாக அழுத்துங்கள். பேஸ் ஏறினால் எங்கோ கசிகிறது. கண்ணாடி, காதோரத்துக் கிருதா, தாடை எலும்புக்குக் கீழே உள்ள பள்ளம், ஏதாவது ஒன்று. எம்50எக்ஸ் தலையை இறுக்கிப் பிடிப்பதாலும் அதன் செயற்கைத் தோல் பேட் சதையோடு ஒட்டிக்கொள்வதாலும் என் தலையில் கண்ணாடியோடு இழப்பு குறைவாக இருந்தது. டிடி 770இன் வெல்வெட் மாதிரித் துணி பேட் மெத்தென்று உட்காருமே தவிர இறுக்கி அடைக்காது. ஆறு மாதம் கழித்து மெல்லிய கம்பி ஃபிரேமுக்கு மாறினேன், முக்கால்வாசி திரும்பக் கிடைத்துவிட்டது. மனைவி முகத்துக்கு எடுப்பாக இருக்கிறது என்றாள், நான் காரணத்தைச் சொல்லவில்லை.

துணி பேட் கசிந்தாலும் அதைத் தோலுக்கு மாற்ற மாட்டேன், ஏனென்றால் இது சிங்கப்பூர். ஈரப்பதம் சர்வசாதாரணமாக 80 சதவீதத்தைத் தாண்டும் ஊரில், விசிறி மட்டும் ஓடும் அறையில் தோல் பேடோடு அரை மணி உட்கார்ந்தால் காதைச் சுற்றி வியர்வை வளையம். துணி பேடில் ஒரு படம் முழுக்கப் பார்க்கலாம். செயற்கைத் தோல் இந்த ஈரத்தில் எப்படியும் மெல்ல மெல்ல உதிரும், எந்த நிறுவனம் செய்தாலும் அதன் வேதியியல் அப்படி. இந்த இரண்டுக்கும் முன்னால் என்னிடம் இருந்த ஒரு ஹெட்ஃபோனின் பேட் கறுப்புப் பொடியாகக் காதெல்லாம் ஒட்டும், அலுவலகத்தில் ஒருவர் மச்சம் என்று நினைத்துக் கேட்டார். அதற்கு இணையத்தில் மலிவாக ஒரு ஜோடி வாங்கி மாட்டினேன், தடிமனும் துளையும் வேறு, அன்றோடு அதன் பேஸ் முடிந்தது. அப்புறம் புரிந்தது, பேட் தலையணை இல்லை, அந்தச் சின்ன அறையின் சுவர். மாற்றுவதென்றால் அந்த மாடலுக்கென்றே செய்த பேடை வாங்குங்கள். கேமராவுக்காக ஈரம் உறிஞ்சும் பெட்டி வைத்திருப்பவர்கள் ஹெட்ஃபோனையும் அதிலேயே வைக்கலாம், நான் வைக்கிறேன்.

எம்ஆர்டி ரயிலில் எப்படி? எம்50எக்ஸ் எடுத்துப் போயிருக்கிறேன். மடங்கும், கேபிளைக் கழற்றலாம், பெட்டியிலேயே மூன்று கேபிள் வரும், 1.2 மீட்டர் நேர் கேபிள் கைப்பேசிக்குச் சரி. டிடி 770க்கு 3 மீட்டர் கேபிள், கழற்றவும் முடியாது, அதோடு ரயிலில் ஏறினால் பக்கத்தில் நிற்பவரையும் சேர்த்துக் கட்டிவிடலாம். ஆனால் பேஸ் என்று பார்த்தால் சுரங்கப் பாதையில் இரண்டுமே தோல்விதான். மூடிய கப் பேச்சுச் சத்தத்தை நன்றாகவே தடுக்கும், ரயிலின் அடித்தொண்டை இரைச்சலை அவ்வளவாகத் தடுக்காது, அந்த இரைச்சல் நம் பாட்டின் பேஸை மூடிவிடும். கை தானாக ஒலியைக் கூட்டும். 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம்தான் பாதுகாப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம், ரயில் இரைச்சலை மிஞ்ச வேண்டும் என்றால் அதற்கு மேலேதான் போவீர்கள். பயணத்துக்கு இரைச்சல் நீக்கும் வகையை வாங்குங்கள், அது சரியாக இந்த அடி இரைச்சலைத்தான் அடக்கும். தரம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

இரவில் மெல்லிய ஒலியில் கேட்கும்போது பேஸ் குறைவாகத் தெரிவது வேறு விஷயம், அது ஹெட்ஃபோனின் குற்றமில்லை. ஒலி குறையக் குறைய நம் காது கீழ் ஸ்தாயியை மற்றதைவிட வேகமாக இழக்கும். ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இலேயே இதை அளந்து வைத்திருக்கிறார்கள். கணினியில் ஈக்வலைசர் ஏபிஓ என்ற ஒலிச் சமன் மென்பொருளைப் போட்டு, டிடி 770க்கு 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே 4 டெசிபல் ஏற்றி வைத்திருக்கிறேன், ஏற்றிய அளவுக்கு மொத்த ஒலியைக் குறைத்தும் விட்டேன், இல்லாவிட்டால் உரத்த இடங்களில் கரகரக்கும். எம்50எக்ஸுக்கு நேர்மாறாக 120இல் கொஞ்சம் இறக்கியிருக்கிறேன். இதைச் செய்த பிறகு இரண்டுக்கும் உள்ள தூரம் பாதியாகிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும்.

பெட்டியில் இருக்கும் எண்களைப் பார்த்து ஏமாறாதீர்கள். டிடி 770இல் 5 முதல் 35,000 ஹெர்ட்ஸ் என்றும், எம்50எக்ஸில் 15 முதல் 28,000 என்றும் போட்டிருக்கும். மனிதக் காதுக்கு 20 முதல் 20,000 வரைதான், அதிலும் என் வயதில் மேல் பகுதி எப்போதோ போயாயிற்று. எத்தனை டெசிபல் ஏற்ற இறக்கத்துக்குள் என்று சொல்லாத வரை அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. எடையும் கிட்டத்தட்ட ஒன்றுதான், 270 கிராம், 285 கிராம், ஆனால் என் தலையில் டிடி 770தான் இலேசாகத் தெரிகிறது. ஆம்ப் வேண்டுமா என்றால், 80 ஓமுக்குக் கைப்பேசியில் செருகும் சாதாரண டோங்கிளே எனக்குப் போதுமானதாக இருக்கிறது. 250 ஓம் வகையை வாங்கினால் யோசிக்கலாம்.

வாங்கும் முன் ஒரு நாள் அடெல்ஃபி கட்டடத்துக்குப் போய்ப் போட்டுப் பாருங்கள், சிட்டி ஹால் எம்ஆர்டியிலிருந்து நடக்கிற தூரம்தான், ஆடியோ கடைகள் மாடி மாடியாக இருக்கின்றன. தினமும் போடும் கண்ணாடியோடு போங்கள், கழற்றாதீர்கள். உங்களுக்கு மனப்பாடமான இரண்டு பாட்டு போதும், கடைக்காரர் போடும் பாட்டில் எல்லா ஹெட்ஃபோனும் நன்றாகத்தான் இருக்கும்.

ஆம்ப்பைக் கேரோசல் என்ற இணையச் சந்தையில் போட்டு விற்றுவிட்டேன், பாதி விலைதான் வந்தது. எம்50எக்ஸ் இப்போது என்னிடம் இல்லை. அக்கா மகன் “ஒரு வாரம் மட்டும் மாமா” என்று முகாமுக்கு எடுத்துப் போனான், அது மூன்று மாதத்துக்கு முன்னால்.