மோனேயின் ‘துரூவில் கடற்கரை’: ஓர் அச்சுப்படியின் மதிப்புரை

பிரெஞ்சு ஓவியர் கிளாத் மோனே 1870ஆம் ஆண்டுக் கோடையில், பிரான்ஸின் கடலோர ஊரான துரூவிலில் வரைந்த ‘துரூவில் கடற்கரை’ ஓவியத்தின் அச்சுப்படி ஒன்றை இணையவழி விற்பனையாளர் ஒருவரிடம் 1,150 ரூபாய்க்கு வாங்கினேன். பளபளப்பில்லாத தடித்த தாளில் 16 × 20 அங்குல அளவில் அச்சிட்டு, அட்டைக் குழலுக்குள் சுருட்டி, கசங்காமல் அனுப்பியிருந்தார்கள்.

லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கும் மூல ஓவியம் ஏறத்தாழ 38 செ.மீ. உயரமும் 46 செ.மீ. அகலமுமே கொண்ட சிறிய படைப்பு என்பதால், இந்தப் படி அதைவிடச் சற்றே பெரியதாக இருந்தாலும் விகிதம் பெரிதும் மாறவில்லை. அதே விற்பனையாளரிடம் 24 × 36 அங்குலப் படியும் உண்டு. ஆனால் அந்த நீள வடிவத்துக்குள் அடக்குவதற்காக உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு வெட்டிவிட்டார்கள் என்பது மாதிரிப் படத்திலேயே தெரிகிறது. பெரிதாக இருக்கட்டும் என்று அதை வாங்குபவருக்கு வானம் குறைந்துதான் கிடைக்கும்.

ஓவியத்தில் இரண்டு பெண்கள் கடற்கரை நாற்காலிகளில் அமர்ந்திருக்கிறார்கள். வெண்ணிற உடையில் இருப்பவர், மோனே அந்த ஜூன் மாதத்தில்தான் மணந்துகொண்ட கமீல்; கறுப்புக் குடை பிடித்திருப்பவர் ஓவியர் எஜேன் பூதானின் மனைவியாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது. இருவருக்கும் நடுவே ஒரு வெற்று நாற்காலி. ஜூலையிலேயே பிரான்ஸுக்கும் ஜெர்மானிய அரசான பிரஷ்யாவுக்கும் போர் மூண்டுவிட்டது என்பதை அறிந்தவருக்கு, இந்த ஓய்வில் அதன் நிழல்கூட விழாதது வியப்பளிக்கும்.

அச்சில் வானத்தின் நீலமும் குடையின் கறுப்பும் நன்றாகவே வந்திருக்கின்றன. கமீலின் உடைதான் ஏமாற்றம். மோனே அதை வெள்ளையும் சாம்பலும் கலந்து, அவசரமும் அழுத்தமுமான தீற்றல்களால் எழுப்பியிருப்பார். இங்கோ அவையெல்லாம் ஒன்றோடொன்று கலந்து, மஞ்சள் தோய்ந்த ஒரே வெண்மையாகத் தட்டையாகிவிட்டன. அச்சுக்கூடம் சற்றுக் கவனம் செலுத்தியிருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய குறை இது. ஆனால் எந்த அச்சுக்கூடமும் தர முடியாத ஒன்றும் இருக்கிறது. மூல ஓவியத்தின் வண்ணப் பூச்சுக்குள் மணல் துகள்கள் சிக்கியிருக்கின்றன. மோனே அந்தக் கடற்கரையிலேயே அமர்ந்து வரைந்தபோது காற்று கொண்டுவந்து சேர்த்த மணல் அது. இந்தக் குறையை ஈடுசெய்வதாகச் சொல்லி, கூடுதலாக 900 ரூபாய்க்கு, செயற்கைத் தூரிகைத் தடங்கள் பதித்த கேன்வாஸ் படியையும் விற்கிறார்கள். அந்தத் தடங்கள் மோனேயின் தீற்றல்கள் செல்லும் திசையில் செல்வதில்லை; தாளே மேல்.

சட்டமிடுபவரிடம், கண்ணாடி தாளின் மீது நேராகப் படியாதபடி சுற்றிலும் அகலமான மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். தூய வெள்ளை அட்டையைத் தவிர்ப்பது நல்லது. அதனருகில் கமீலின் உடை இன்னும் மஞ்சளாகத் தெரிகிறது. நான் வெளிர் சாம்பலுக்கு மாற்றிக்கொண்டேன்.