தப்பி வந்ததா, தடம் மாறி வந்ததா: மெர்லினும் இ-பேர்டும் எவ்வளவு கைகொடுக்கும்?

வேலூரில் கழிஞ்சூர் ஏரியிலோ கோட்டை அகழியிலோ பழக்கமில்லாத பறவை ஒன்று கண்ணில் பட்டால், கூண்டிலிருந்து தப்பியதா, காட்டுப் பறவை தடம் மாறி வந்ததா என்று கேள்வி எழும். கை முதலில் போவது படத்தையோ குரலையோ வைத்துப் பறவையை அடையாளம் காட்டும் மெர்லின் செயலிக்குத்தான். காசு கிடையாது; நம் பகுதிக்கான பறவைத் தொகுப்பை முன்கூட்டியே இறக்கி வைத்தால் ஜவ்வாது மலையில் சிக்னல் இல்லாத இடத்திலும் ஓடும். ஆனால் அது சொல்வது பெயரை மட்டும்தான். இடமும் தேதியும் கொடுத்ததும் அந்தப் பகுதியில் வழக்கமாகத் தென்படும் பறவைகளை முன்னால் நிறுத்தும். அந்த வழக்கப் பட்டியலில் இல்லாத கூண்டுப் பறவைக்கு இதுவே வினை. கூண்டில் வளர்க்கும் ஜீப்ரா பிஞ்ச் என்ற சிறு பறவையின் குஞ்சுக்கு அலகு கறுப்பு, பெரியதற்குத்தான் ஆரஞ்சு கலந்த சிவப்பு. கறுப்பலகுக் குஞ்சை நம் ஊர்ச் சிறு பறவையான சில்லை என்று எண்ணி ஏமாறுவது சுலபம்.

எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு, பார்த்த பறவைகளைப் பதியும் இ-பேர்டு தளம்தான் சரி. 2022 முதல் அயல் பறவைகளை மூன்றாகப் பிரிக்கிறது: நிலைபெற்றவை, உறுதியாகாதவை, தப்பியவை. முதல் இரண்டும் நீங்கள் பார்த்த பறவையினங்களின் எண்ணிக்கையில் சேரும், மூன்றாவது சேராது. சேராது என்பதற்காகப் பதியாமல் விடுவது தவறு. இன்று தப்பி வந்த ஒரு பட்ஜி (நம் ஊர்க் கடைகளில் லவ் பேர்ட்ஸ்) நாளைக்கு இங்கேயே கூடு கட்டினால், ஆரம்பம் எப்போது என்று பதிவுதான் காட்டும். வகையைத் தீர்மானிப்பது மதிப்பாய்வாளர்கள். அவர்கள் தன்னார்வலர்கள், உடனே பதில் வராது.

ஆக, தீர்ப்பு நீங்கள் தரும் படத்தில்தான் இருக்கிறது. முதல் படம் காலுக்கு. பறவை வளர்ப்போர் போடும் வளையத்தில் இணைப்பு இருக்காது. குஞ்சாக இருக்கும்போதே பாதத்தில் நுழைத்தால்தான் ஏறும். ஆய்வாளர்கள் வளர்ந்த பறவைக்கு மாட்டும் உலோக வளையத்தில் இரு முனையும் சேரும் கோடு தெரியும். எனவே வளையம் கண்டதும் 'கூண்டு' என்று முடிவு கட்ட வேண்டாம். அதிலுள்ள எழுத்துகளைப் படியுங்கள். வளையம் இல்லாததும் சான்றாகாது, கடைப் பறவைகளில் பல வளையமே போடாதவை.

அடுத்து, பின்னாலிருந்து இரு இறக்கையும் விரிந்த படம். சிறகுதிர்ப்பு பெரும்பாலும் இரு பக்கமும் ஒரே மாதிரி நடக்கும். ஒரு பக்கம் மட்டும் நேர்கோடாக வெட்டியிருந்தாலோ, வால்நுனி கம்பியில் உரசித் தேய்ந்திருந்தாலோ, அலகுக்கு மேல் நெற்றி மொட்டையாக இருந்தாலோ சந்தேகப்படுங்கள். அருகில் போனாலும் பறக்காதது பெரிய சான்றல்ல. புயலில் களைத்த கடற்பறவையும் அப்படித்தான் உட்காரும். 2016 டிசம்பர் 12 அன்று சென்னையைக் கடந்த வர்தா போன்ற புயலுக்கு மறுநாள் பாலாற்றில் கரும்பழுப்பு ஆலா என்ற கடற்பறவை தெரிந்தால் கூண்டுக் கேள்வியே எழாது. அதை எந்தக் கடையில் விற்கிறார்கள்?

அழகுக்காக வளர்க்கப்படும் மாண்டரின் வாத்தின் கணக்கு இதற்கு நேர் எதிர். 2021 பிப்ரவரியில் அசாமின் தின்சுகியாவில் வந்ததை இயற்கையான வருகை என்று ஏற்கலாம். அதே பறவை காட்பாடியில் நின்றால் முதல் சந்தேகம் யாரோ ஒருவர் வளர்ப்பின் மேல்தான். வாத்தானால் பின்விரலும் இறக்கை நுனியும் முழுதாக உள்ளனவா என்று பாருங்கள், வளர்ப்போர் அவற்றை வெட்டி விடுவதுண்டு. 'யாரும் தேடி வரவில்லையே' என்ற வாதம் செல்லாது. 1972 வனவிலங்குச் சட்டப்படி நாட்டுக் கிளியையும் சில்லையையும் வளர்க்கக் கூடாது. தொலைத்தவர் எப்படி வாய் திறப்பார்?

ஐந்துக்கு மெர்லினுக்குப் பெயர் சொல்வதில் 4, மூலம் சொல்வதில் பூஜ்யம். இ-பேர்டுக்கு 4. குறிப்புப் பெட்டியில் 'அழகான பறவை' என்று எழுதுவதைவிட, 'இடது கால் தெரிந்தது, வளையம் இல்லை. வலது கால் புல்லில் மறைந்திருந்தது' என்று எழுதுங்கள்.