உப்புக்காற்று ஊரில் ஜிங்க் பிளேட்டிங் கிட்: எது தேறும், எது தேறாது

குளச்சல், முட்டம், மணக்குடி பக்கம் வீடு என்றால், தேய்த்துப் பளபளவென்று வைத்த இரும்பு போல்ட் ஒரு சாரல் காலத்தைத் தாண்டாது. பழைய புல்லட், சைக்கிள், தையல் மெஷின் புதுப்பிக்கிறவர்களுக்கு இது தெரிந்த தலைவலி. முலாம் பட்டறையில் கொடுத்தால் கிலோக் கணக்கில் கேட்பார்கள். பத்து நட் போனால் எட்டுதான் திரும்பும். அதனால்தான் இரும்பில் மின்சாரத்தால் ஜிங்க் (துத்தநாக) முலாம் ஏற்ற இணையத்தில் விற்கும் 5 லிட்டர் வீட்டு கிட்டுக்கு இப்போது இவ்வளவு கிராக்கி.

பெட்டியில் குளோரைடு உப்புக்கலவை, போரிக் ஆசிட், பிரைட்னர் (பளபளப்பு தரும் திரவம்), இரண்டு ஜிங்க் தகடு, 3 ஆம்பியர் பவர் சப்ளை, 250 மில்லி நீல பாசிவேட் (முலாம் மேல் காப்புப் படலம் போடும் திரவம்) இருக்கின்றன. உப்பும் தகடும் குறை சொல்ல முடியாத தரம். இந்தக் கரைசல் 25 முதல் 35 டிகிரியில் நன்றாக வேலை செய்யும் என்பதால் நாகர்கோவில் வெயிலுக்கு ஹீட்டர் தேவையில்லை.

பவர் சப்ளைதான் சிறிது. 100 சதுர செ.மீ. பரப்புக்கு 2 ஆம்பியர் என்பது கணக்கு. 3 ஆம்பியரில் ஒரு தடவைக்கு 150 சதுர செ.மீ.தான் ஓடும். 50 மி.மீ. நீள எம்8 போல்ட் என்றால் ஆறு. மட்கார்டு ஸ்டே போன்றவற்றுக்கு 10 ஆம்பியர் சப்ளை தனியாக வாங்க வேண்டும். இந்தக் கணக்கில் 20 நிமிடம் விட்டால் சுமார் 11 மைக்ரான் ஏறும். அவசரப்பட்டு ஆம்பியரைக் கூட்டினால் விளிம்பு கருகி, விரலில் ஒட்டும் கரும்பொடியாகிவிடும். குழிக்குள் மட்டும் மங்கலாக இருந்தால் தகடு ஒரே பக்கம் நிற்கிறது என்று அர்த்தம்; இரண்டு தகட்டையும் எதிரெதிராக மாட்டுங்கள்.

முலாம் உரிந்து கொப்புளிப்பதற்குக் கிட்டைத் திட்டிப் பயனில்லை, கழுவல்தான் காரணம். சூடான சலவை சோடாத் தண்ணீரில் எண்ணெய் போகத் தேய்த்து, தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் முத்து முத்தாகத் திரளாமல் ஒரே படலமாக வழிந்தால்தான் அடுத்த வேலை. துருவுக்கு ஹைட்ரோகுளோரிக் ஆசிட் வேண்டாம். அதன் புகை அதே அறையில் இருக்கிற ஸ்பேனரையெல்லாம் மறுநாளே சிவக்க வைக்கும். லிட்டருக்கு 100 கிராம் சிட்ரிக் ஆசிட் ஓர் இரவில் அதே வேலையைச் செய்யும்.

கரைசல் கலக்கக் கடலோரப் போர்வெல் தண்ணீர் ஆகாது. பேட்டரிக் கடை டிஸ்டில்டு வாட்டர் நல்லது. ஓட்டில் முதல் மழை கழுவிய பிறகு பிடித்து வடிகட்டிய மழைநீரும் போதும். அது இந்த மாவட்டத்தில் பஞ்சமில்லாத சரக்கு.

கிட்டின் பெரிய குறை பாசிவேட்டில் இருக்கிறது. வெறும் ஜிங்க் இந்தக் காற்றில் சில வாரத்திலேயே வெள்ளை பூத்துவிடும். அதைத் தள்ளிப்போடுவது பாசிவேட் படலம்தான். அதைப் போய் 250 மில்லி கொடுத்திருக்கிறார்கள்! கிட்டோடு இன்னொரு லிட்டர் சேர்த்து வாங்குங்கள். முக்கியெடுத்தால் நீலச் சாயலோடு மினுங்க வேண்டும். கருமை ஓடினால் முலாம் கரைசலில் இரும்பு கலந்துவிட்டது: கம்பியிலிருந்து நழுவி அடியில் கிடக்கும் ஏதோ ஒரு நட் கரைந்துகொண்டிருக்கும். காந்தம் கட்டிய கயிற்றை விட்டு எடுத்துவிட்டு, லிட்டருக்கு ஒரு மில்லி ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டுக் கிளறினால் இரும்பு பழுப்பு வண்டலாகப் படியும். பி.எச். (அமில-கார அளவு) 5-க்குக் கீழே இருந்தால் சரியாகப் படியாது. வடிகட்டிய பின் பிரைட்னர் கொஞ்சம் ஊற்ற வேண்டிவரும்.

கையேட்டில் ஒரு வரிகூட இல்லாத ஆபத்து ஸ்பிரிங். ஸ்பிரிங், 10.9 என்று தலையில் குத்திய போல்ட் போன்ற கடின எஃகில், முலாம் ஏறும்போது உண்டாகும் ஹைட்ரஜன் புகுந்தால், பார்வைக்கு ஒன்றும் தெரியாமல் பின்னர் பாரம் ஏறும்போது பட்டென்று ஒடியும். முலாம் முடிந்த சில மணி நேரத்துக்குள் 200 டிகிரியில் குறைந்தது 4 மணி நேரம் சுட வேண்டும், அதுவும் பாசிவேட்டுக்கு முன்னால். பாசிவேட் படலம் சூடு தாங்காது. பிரேக், ஸ்டியரிங் பாகங்களை வீட்டு முலாமுக்குக் கொண்டுவரவே வேண்டாம்.

இதே கடைகள் விற்கும் நிக்கல் கிட் தையல் மெஷின் சக்கரத்துக்கு அழகுதான். ஆனால் கடலோரத்துக்கு ஒத்துவராது. ஜிங்க் கீறினாலும் தான் அரித்து இரும்பைக் காக்கும். நிக்கலில் ஊசித்துளை விழுந்தால் அந்த இடத்தில் இரும்புதான் முதலில் அரிக்கும். வீட்டுக்குள் இருக்கும் பொருளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நிக்கல் உப்பைக் கையுறை, மாஸ்க் இல்லாமல் தொடக் கூடாது. எந்தக் கிட்டிலும் ஆனோடு தகடு (கரைசலில் தொங்கி முலாமுக்கு உலோகம் தரும் தகடு) தேய்ந்தால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துண்டை மாட்டுகிற யோசனையை விட்டுவிடுங்கள். விஷக் குரோமியம் கரைசலில் இறங்கும்.

கழிவு நீரைக் குளத்திலோ தென்னை மூட்டிலோ ஊற்றாதீர்கள். சலவை சோடா போட்டு பி.எச். 9-க்குக் கொண்டுவந்தால் ஜிங்க் வெள்ளைச் சேறாக இறங்கும். அதை டப்பாவில் அடைத்துத் தனியே வையுங்கள், குப்பையில் போடாதீர்கள்.