கிரவுன் வைத்த பின் மிஞ்சிய 200 டாலர்: ஒரு பல் காப்பீட்டுத் திட்டம் பற்றி

மாசசூசெட்ஸில் என் அலுவலகம் வழியாக மூன்று ஆண்டுகளாக நான் வைத்திருக்கும் பல் காப்பீடு, அமெரிக்காவில் பரவலாக உள்ள 100-80-50 வகையைச் சேர்ந்தது. பல் சுத்தம் செய்ய முழுச் செலவையும், சொத்தையை அடைக்க 80 சதவீதத்தையும், கிரவுன் (பல்லின் மேல் பொருத்தும் உறை) போன்ற பெரிய சிகிச்சைகளுக்குப் பாதியையும் திட்டம் ஏற்கிறது. ஆண்டு உச்சவரம்பு 1,500 டாலர். முதல் இரண்டிலும் எனக்குக் குறையில்லை.

சிக்கல் கிரவுனில் வந்தது. காப்பீட்டு நிறுவனத்துடன் கட்டண ஒப்பந்தம் உள்ள மருத்துவமனைகளின் பட்டியலான நெட்வொர்க்கில் உள்ள மருத்துவமனைதான் என்றாலும், தன் விலைப்பட்டியலில் இருந்த 1,500 டாலரில் பாதியான 750 டாலரைச் சிகிச்சைக்கு முன்பே என்னிடம் வாங்கிக்கொண்டது. ஆனால் காப்பீட்டு நிறுவனத்துடன் அது ஒப்புக்கொண்டிருந்த கட்டணம் 1,050 டாலர்தான். அதில் ஆண்டுக்கு ஒருமுறை நான் செலுத்த வேண்டிய 50 டாலர் டிடக்டிபிளைக் கழித்து, மீதி 1,000 டாலரில் பாதியை நிறுவனம் மருத்துவமனைக்கு அனுப்பியது. என் பங்கு 550 டாலர் என்று எனக்கு வந்த கணக்குத் தாளிலேயே அச்சாகியிருந்தது. ஆக, என் 200 டாலர் மருத்துவமனையிடம் தங்கிவிட்டது.

கேட்டபோது, அத்தொகை என் கணக்கில் வரவாக இருப்பதாகவும், அடுத்த சிகிச்சைக்குக் கழித்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்கள். பிறகு, காப்பீட்டு நிறுவனம் தான் கொடுத்ததைத் திரும்பக் கேட்கக்கூடும் என்பதால் காத்திருப்பதாகச் சொன்னார்கள். அப்படித் திரும்பக் கேட்பது நடப்பதுதான். அதற்காக நோயாளியின் பணத்தைப் பிணையாகப் பிடித்து வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. காப்பீட்டு நிறுவனமோ, தன் தாளில் தானே எழுதிய 550 டாலரைக் காட்டி மருத்துவமனையிடம் ஒரு சொல் பேசாமல், அது உங்கள் இருவருக்கும் இடையிலான விஷயம் என்று ஒதுங்கிக்கொண்டது. நெட்வொர்க் என்ற பெயரில் மருத்துவர்களைத் தேர்ந்து பட்டியலிடும் நிறுவனத்துக்கு இந்த ஒதுக்கம் அழகல்ல.

பிரீமியம் பணம் யாரிடம் தங்குகிறது என்பதும் இங்கு பெரிய சர்ச்சைதான். பல் காப்பீட்டு நிறுவனங்கள் பிரீமியத்தில் 83 சதவீதத்தைச் சிகிச்சைக்கே செலவிட வேண்டும், தவறினால் மிச்சத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற சட்டத்தை 2022 நவம்பரில் இம்மாநில வாக்காளர்களில் பத்தில் ஏழு பேருக்கு மேல் ஆதரித்தார்கள். பல் மருத்துவர்கள் அதற்காக வாதாடினார்கள்; காப்பீட்டு நிறுவனங்கள் எதிர்த்தன. 2024 முதல் நடைமுறைக்கு வந்த அச்சட்டம், ஊழியரின் சிகிச்சைச் செலவை முதலாளியே ஏற்று, நிர்வாகத்துக்கு மட்டும் காப்பீட்டு நிறுவனத்தை அமர்த்தும் என்னுடையதைப் போன்ற திட்டங்களைக் கட்டுப்படுத்தாது. மருத்துவமனை பிடித்து வைக்கும் மிகையைப் பற்றியும் அதில் பேச்சில்லை.

நான்காவது கடிதத்துடன் கணக்குத் தாளின் நகலை இணைத்த பிறகு, ஐந்தாம் மாதத்தில் 200 டாலருக்கான காசோலை வந்தது. திட்டத்தைப் புதுப்பிக்கிறேன், மருத்துவமனையை மாற்றிவிட்டேன். பெரிய சிகிச்சை வேண்டியவர்கள், விலைப்பட்டியலை விட்டு, ஒப்பந்தக் கட்டணத்தின்படி முன்மதிப்பீடு எழுதி வாங்கிய பின்னரே பணம் கட்டுவது நல்லது.