சேகரிப்பு டெடி கரடிகள்: கொடுக்கும் விலைக்குத் தகுமா?

சேகரிப்பாளர்களுக்கென்றே தயாராகும் டெடி கரடிகளைப் பல ஆண்டுகளாக வாங்கியும் பராமரித்தும், சிலவற்றை விற்றும் பார்த்த பிறகு எனக்கு ஒன்று தெளிவாகியிருக்கிறது. கைவேலைக்காக வாங்குபவருக்கு இவற்றின் விலை பெரும்பாலும் நியாயமானதே. பின்னாளில் விலை ஏறும் என்று வாங்குபவருக்கு அப்படியல்ல.

முதலில் கைவேலையைப் பார்ப்போம். ஜெர்மனியின் ஸ்டைஃப் பொம்மை நிறுவனம் செய்த கரடி ஒன்று என்னிடம் இருக்கிறது. அதன் மேல்துணி மொஹேர், அதாவது அங்கோரா ஆட்டின் உரோமத்தைப் பருத்தித் துணியில் இழைத்து நெய்தது. விரலால் அழுத்தித் தடவினால் உரோமம் படுத்து, மறுகணமே நிமிர்கிறது. இத்தனை காலத்திற்குப் பிறகும் அதன் பளபளப்பு குறையவில்லை. அதே காலத்தில் வாங்கிய பாலியெஸ்டர் கரடியின் உரோமமோ திரிதிரியாகச் சிக்கிக்கொண்டது. கழுத்து, கைகள், கால்கள் ஆகிய ஐந்து மூட்டுகளும் இன்னும் வைத்த நிலையில் நிற்கின்றன. முதுகுத் தையலை உரோமத்தை விலக்கித்தான் கண்டுபிடிக்க வேண்டும். வயிற்றுக்குள் இருக்கும் உறுமல் கருவி மட்டும் இப்போது சாய்த்தால் உறுமுவதில்லை. அதைச் சரிசெய்யத் தையலைப் பிரிக்க வேண்டும் என்பதால் அப்படியே விட்டுவிட்டேன்.

விலை ஏறும் என்ற ஆரவாரத்தைப் பற்றி இதே அளவு நல்லதாகச் சொல்ல முடியவில்லை. 1994இல் லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 'டெடி கேர்ல்' என்ற பழைய ஸ்டைஃப் கரடி 1,10,000 பவுண்டுக்கு விலைபோனதை விற்பனையாளர்கள் இன்றும் எடுத்துக்காட்டுவார்கள். ஆனால் ஸ்டைஃப் நிறுவனம் தன் அடையாளமாகக் கரடியின் காதில் பொத்தான் பதிக்கத் தொடங்கியதே 1904 வாக்கில்தான். அந்தத் தொடக்க காலத்துக் கரடிகள் குழந்தைகள் கையில் கிழிந்தும் பூச்சி அரித்தும் பெரும்பாலும் அழிந்துவிட்டதால்தான் எஞ்சியவை அரிதாயின. அந்தக் குறிப்பிட்ட கரடிக்கோ, அதை வைத்திருந்தவரின் புகழும் சேர்ந்தே விலையை ஏற்றியது. இன்றைய லிமிடெட் எடிஷன் கரடிகளின் நிலை நேர்மாறானது. ஆயிரக்கணக்கில் எண்ணிட்டு வெளியாகும் அவற்றை வாங்கும் எல்லோரும் பெட்டியோடும் சான்றிதழோடும் பத்திரப்படுத்துவதால், எதுவும் அழிவதில்லை. அழியாத பொருள் அரிதாவது எப்படி? 1990களின் பிற்பகுதியில் பீனி பேபி என்ற சிறிய துணிப் பொம்மைகளுக்கு நேர்ந்ததும் இதுதான். பொம்மையோடு தொங்கும் காகித அட்டை மடங்கிவிடக் கூடாதென்று அதற்கும் பிளாஸ்டிக் உறை மாட்டிய காலம் அது. இளவரசி டயானா நினைவாக 1997இல் வந்த ஊதா நிறப் பீனி பேபி கரடியைப் பெருந்தொகைக்கு விற்பதாக விளம்பரம் செய்பவர்கள் இன்றும் உண்டு. கேட்கும் விலையை விட்டுவிட்டு, உண்மையில் விற்று முடிந்த விலைகளைப் பார்த்தால் மயக்கம் தெளிந்துவிடும்.

நான் விற்றபோதும் வாங்கிய விலை திரும்பக் கிடைக்கவில்லை. ஏல நிறுவனத்தின் கமிஷன், அனுப்பும் செலவு ஆகியவை போக, கைக்கு வந்தது சொற்பமே. பராமரிப்புச் செலவை யாரும் கணக்கில் சேர்ப்பதும் இல்லை. மொஹேர் விலங்கு உரோமம் என்பதால் அந்துப்பூச்சியின் புழுக்களுக்கு அது உணவு; காதின் அடிப்பகுதியிலும் மூட்டு மடிப்புகளிலும் மணல் போன்ற துகள்கள் தென்பட்டால் உடனே கவனிக்க வேண்டும். நேரடி வெயில் பட்டால் நிறம் வெளுக்கும், கண்ணாடி அலமாரிக்குள் இருந்தாலும்.

ஆகவே, புதிதாக வாங்க எண்ணுபவர்களுக்கு என் பரிந்துரை, பெட்டியும் சான்றிதழும் தொலைந்துபோன, ஆனால் காதில் பொத்தானும் துணிப்பட்டியும் இருக்கும் பழைய கரடியைத் தேடுங்கள் என்பதே. காகிதம் இல்லை என்பதற்காக அதன் விலை கணிசமாகக் குறைந்திருக்கும். மொஹேரும் மூட்டுகளும் தையலும் அதே தரத்தில்தான் இருக்கும். விற்பவரிடம் பாதங்களின் ஃபெல்ட் துணி, கழுத்து மூட்டு, முதுகுத் தையல் ஆகியவற்றைக் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பழுதுபார்த்த இடங்கள் பெரும்பாலும் அங்கேதான் தெரியும்.