மைதானமா, சரிவா? மலையகத்தில் வில் பழக எது தோது

மலையகத்தில் வில் பழக ஆசைப்படுபவருக்கு முதல் சிக்கல் வில் அல்ல, மட்டமான தரை. எங்கள் பக்கம் இருக்கிற ஒரே மட்டம் தோட்டத்து மைதானம். ஞாயிறு காலை பையன்கள் கிரிக்கெட் மட்டையோடு வருமுன் போனால்தான் உண்டு. இன்னொரு வழி, நண்பரின் காணிச் சரிவு. உர பேக்குகளில் பழைய துணி அடைத்து, பின்னால் மண்மேடு இருக்கும் இடங்களாகப் பார்த்து எட்டு இலக்கு வைத்திருக்கிறோம். இரண்டிலும் எய்து பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்.

ஒலிம்பிக்கில் தூரம் 70 மீற்றர், இலக்கின் அகலம் 122 சென்ரிமீற்றர். நமக்கு அதெல்லாம் வேண்டாம், 18 மீற்றரே போதும். மைதானத்தில் தரை மாறாது, தூரம் மாறாது; மாறுவது நீங்கள் மட்டும்தான். காற்றில்லாத காலையில் ஆறு அம்பும் ஒரே பக்கம் ஒதுங்கினால் பழி போட வேறு ஆள் கிடையாது. பழகும்போது இந்தக் கண்டிப்பு நல்லது. ஆனால் நூறாவது அம்புக்கு மேல், உண்மையைச் சொன்னால், கொட்டாவி வரும்.

சரிவில் கொட்டாவிக்கு நேரமில்லை. கள வில்வித்தை என்ற போட்டி வகையே இதற்காக இருக்கிறது: 24 இலக்கு, ஒவ்வொன்றுக்கும் மூன்று அம்பு. முழுச் சுற்றில் பாதி இலக்குகளுக்குத் தூரம் சொல்லமாட்டார்கள், கண்ணால்தான் அளக்க வேண்டும். இலக்கும் 20, 40, 60, 80 சென்ரிமீற்றர் என நாலு அளவு. சின்ன இலக்கு கிட்டே இருந்தாலும் தூரமாகத் தெரியும். இடையில் பள்ளம் இருந்தால் கணக்கு இன்னும் குழம்பும்.

நான் அதிகம் ஏமாந்தது ஏற்ற இறக்கத்தில். மேலே எய்வதென்றால் கூடுதலாகத் தூக்க வேண்டும் என்று நினைத்து, அம்பை இலக்குக்கு மேலே அனுப்பிக்கொண்டே இருந்தேன். புவியீர்ப்பு கணக்கெடுப்பது கிடைத்தூரத்தை, அதாவது சரிவை விட்டு மட்டமாக அளக்கும் தூரத்தை. 30 பாகைச் சரிவில் 40 மீற்றர் என்றால், ஏறக்குறைய 35 மீற்றருக்குக் குறி பார்த்தால் சரி. ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இதே கணக்குத்தான். அப்புறம், கையை மட்டும் தூக்காமல் இடுப்பிலிருந்து சாய வேண்டும். இல்லையென்றால் மைதானத்தில் பழகிய தோள் நிலை கலைந்துவிடும்.

வில்லைப் பொறுத்தவரை, மைதானத்துக்கு, நுனிகள் முன்பக்கம் வளைந்த ரீகர்வ் வில்லில் குறிக்கருவி பூட்டினால் அருமை. சரிவில் ஏறி இறங்க, குறிக்கருவியும் ஆட்டம் குறைக்கும் நீட்டுக் கம்பிகளும் இல்லாத வெறும் வில்தான் எனக்குப் பிடிக்கும். அம்பு நுனியை வைத்தே குறி பார்க்கலாம், பாரமும் குறைவு. கப்பிகள் பூட்டிய காம்பவுண்ட் வில்லின் துல்லியம் பெரிது. ஆனால் பெரும்பாலானவற்றில் நாண் மாற்றவே தனிக் கருவி வேண்டும். எதுவானாலும் புதியவர் 20 முதல் 26 இறாத்தல் இழுவிசையில் தொடங்கட்டும். வீறாப்புக்கு 40 எடுத்தால் தோள்தான் வலிக்கும்.

முதல் மூன்று மாதம் மைதானம், பிறகு சரிவு என்பதே என் கட்சி. ஒன்றுதான் கிடைக்கும் என்றால், கண்ணை மூடிக்கொண்டு சரிவு என்பேன்.

ஆனால் மைதானத்தில் இல்லாத ஒரு வேலை சரிவில் உண்டு. தவறிய அம்பு பக்கத்துத் தேயிலைக்குள் போனால், கிடைக்கும்வரை தேடியே ஆக வேண்டும். திங்கட்கிழமை அந்தச் செடிக்குள் கொழுந்து எடுக்கக் கை போகும். பனிமூட்டம் இறங்கி இலக்குக்குப் பின்னால் என்ன என்று தெரியாமல் போனால், நாணைக் கழற்றிவிட்டு தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவோம்.