மடக்கு பியானோ ஸ்டூல்: உட்கார்ந்தால் ஆடுகிறது

ஐந்துக்கு மூன்று ஸ்டார். அதில் ஒன்று அயனாவரத்து லேத் பட்டறைக்காரருக்குச் சேரவேண்டியது.

நான் ஐ.சி.எஃப். ரயில் பெட்டி ஃபேக்டரியில், ஃபர்னிஷிங்கில் 34 வருஷம் ஃபிட்டராக இருந்து ரிட்டையர் ஆனவன். ரயில் பெட்டிக்குள் சீட்டும் பெர்த்தும் மாட்டியே காலம் போனது. பியானோ எனக்குத் தெரியாது. உட்காருகிற சாமான் தெரியும்.

பேத்திக்கு ஒன்பது வயது. பெரம்பூரில் ஒரு மிஸ்ஸிடம் பியானோ கற்றுக்கொள்கிறாள். வீட்டில் 88 கட்டை டிஜிட்டல் பியானோ இருக்கிறது. உட்காரத்தான் பிளாஸ்டிக் சேர், மேலே ரெண்டு தலையணை. மிஸ் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "தோளைத் தூக்கிக்கிட்டே வாசிக்கிறா சார். முழங்கை கட்டைக்கு நேரா வரணும். நல்ல ஸ்டூலா ஒண்ணு வாங்கிக் குடுங்க." ஆன்லைனில் தேடி, எக்ஸ் மாதிரி கால் மடங்குகிற ஸ்டூல் 2,350 ரூபாய்க்கு வாங்கினேன். மூணு நாளில் வந்தது. பெயின்ட் நன்றாக இருக்கிறது, வெல்டிங்கும் குறை சொல்லமுடியாது. கனம் தாங்குகிறது, நான் 78 கிலோ, ஏறி நின்றே பார்த்தேன்.

ஆனால் ஆடுகிறது.

மூணு உயரம் வைக்கலாம் என்று போட்டிருக்கிறான். டேப் வைத்தால் 18, 19½, 21 இஞ்ச். ஸ்பிரிங் பின்னை இழுத்து அடுத்த ஓட்டையில் விடவேண்டும். வெர்னியரில் பார்த்தேன்: பின் 9 மில்லி, ஓட்டை 10. அந்த ஒரு மில்லி லூஸ் சீட்டு ஓரத்துக்கு வரும்போது கால் இஞ்ச் ஆட்டமாகிவிடுகிறது. பேத்தி இடது கை ஓரக் கட்டைக்குச் சாய்ந்தால் 'டக்', திரும்பி வந்தால் 'டக்'. ரயில் பெட்டியில் இப்படி ஒரு சீட்டு மாட்டியிருந்தால் இன்ஸ்பெக்‌ஷனில் சாக்பீஸால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பியிருப்பார்கள். கஸ்டமர் கேரில் வீடியோ கேட்டார்கள், அனுப்பினேன். "சார், வீடியோவுல ஆடுற மாதிரி தெரியலையே" என்றது ஒரு பிள்ளை. சத்தம் கேட்கிறதா என்றேன். பியானோ சத்தம் கேட்கிறது என்றது. விட்டுவிட்டேன்.

அந்த வாரம்தான் பேத்தி போனை நீட்டினாள். "தாத்தா, இவரு சேரைப் பாரேன், நம்ம ஸ்டூலைவிட மோசம்." க்ளென் கூல்ட் என்று கனடா நாட்டுப் பியானோக்காரர். 1981-இல், பாஹ் என்கிற பழைய ஜெர்மன் இசைமேதை எழுதிய 'கோல்ட்பர்க் வேரியேஷன்ஸ்' வாசிக்கிறார். மூக்கு கட்டையில் இடிக்கிற அளவுக்குத் தாழ்ந்து உட்கார்ந்திருக்கிறார், வாய் முணுமுணுக்கிறது. சேரில் மெத்தையே இல்லை, வெறும் சட்டம். எனக்குப் பாட்டு காதில் ஏறவில்லை, சேரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்தச் சேரை 1953-இல் செய்துகொடுத்தது அவர் அப்பா. ரோமத்தோல் வியாபாரி, ஆனால் வேலை என்னவோ ஃபிட்டர் வேலை! சீட்டாட்ட மேஜைக்குப் போடுகிற மடக்கு நாற்காலியில் நாலு காலையும் ஏறக்குறைய நாலு இஞ்ச் அறுத்து, நுனியில் பித்தளைப் பிடி போட்டு, டர்ன்பக்கிளில் (மரையைத் திருகி நீளத்தைக் கூட்டிக் குறைக்கிற சாமான்) பாதியை மாட்டியிருக்கிறார். எங்கள் பழைய பெட்டிகளைக் கோர்க்கிற ஸ்க்ரூ கப்ளிங்கும் இதே குடும்பம்தான். மரையைத் திருகினால் ஒவ்வொரு காலும் தனித்தனியாக, நூல் நூலாக ஏறும், இறங்கும். தரை கோணலாக இருந்தாலும் ஆடாது. என் ஸ்டூல்காரன் மூணு ஓட்டை போட்டுவிட்டு 'அட்ஜஸ்டபிள்' என்கிறான்.

கூல்ட் சேரில் சீட்டு தரையிலிருந்து 14 இஞ்ச்தான். மனிதர் போன ஊருக்கெல்லாம் அதைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். எங்கள் ஃபேக்டரி திறந்த 1955-இல், 22 வயதில், இதே கோல்ட்பர்க்கை 38 நிமிஷத்தில் வாசித்து ரெக்கார்ட் போட்டுப் பேர் வாங்கினார். 1964-இல், 31 வயதில், மேடைக் கச்சேரியே வேண்டாம் என்று நிறுத்திவிட்டு ஸ்டூடியோவோடு இருந்துவிட்டார். 1971-இல் அவருடைய ஸ்டைன்வே பியானோவை லாரி ஏற்றி இறக்கும்போது கீழே போட்டு உடைத்தார்கள். சரி பண்ணியும் பழைய மாதிரி வரவில்லை, கடைசியில் யமஹாவுக்கு மாறினார். 1981-இல் அதே கோல்ட்பர்க்குக்கு 51 நிமிஷம். அடுத்த வருஷம் 50 வயதில் போய்விட்டார். பியானோ மாறியது, வேகம் மாறியது, சேரை மட்டும் மாற்றவில்லை. ரெக்கார்டில் அது முனகுவதுகூடக் கேட்கிறதாம். கேட்டுப் பார்த்தேன், கேட்கிறது.

"நானும் அவரை மாதிரி தாழ்ந்து உக்காரட்டுமா?" என்று பேத்தி மிஸ்ஸிடம் கேட்டிருக்கிறாள். "அவரை மாதிரி வாசி, அப்புறம் தரையிலகூட உக்காரு" என்றாராம்.

ஆட்டத்துக்கு வைத்தியம் சுலபம்தான். அயனாவரம் பட்டறையில் ஓட்டையைப் பெரிதாக்கி, உள்ளே 9 மில்லிக்குப் பித்தளை புஷ் (ஓட்டைக்குள் இறுக்குகிற சின்னக் குழாய்) கடைந்து அடித்துக் கொடுத்தார், 180 ரூபாய். ஆட்டம் நின்றது. ஸ்டூல் காலிலுள்ள ரப்பர் குமிழ் டைல்ஸில் வழுக்குகிறது. பழைய சைக்கிள் ட்யூப் வெட்டி ஒட்டினேன். 21 இஞ்சில் வைத்தால் பிள்ளைக்குக் கால் தொங்குகிறது, அதற்கு நாலு இஞ்ச் உயரத்தில் ஒரு பலகை செய்தேன். கூல்டின் அப்பா அறுத்த நாலு இஞ்சை நான் இங்கே கூட்டவேண்டியிருந்தது.

வாங்கலாமா என்றால், வீட்டில் ஸ்பானர் பிடிக்கத் தெரிந்த ஆள் இருந்தால் வாங்கலாம். இல்லாவிட்டால் கூட ஆயிரம் போட்டு, ரெண்டு பக்கமும் திருகுகிற மரப் பெஞ்சாகப் பாருங்கள்.

ஃபோம் பற்றி: ஆறு மாசத்தில் அரை இஞ்ச் அமுங்கிவிட்டது. இதற்கு ஒரு ஸ்டார் குறைக்கலாம் என்றிருந்தேன். போன வாரம் மிஸ் வீட்டுக்கு வந்தபோது முழங்கையைப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் சார் உயரம் கரெக்டா இருக்கு, என்ன பண்ணீங்க?" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.